முழங்காலை மறைத்தால் போதும்: நடந்து தேடும் வான்கோழி வேட்டைக்கு எடை குறைந்த மறைப்புத் தட்டிகள்

கேமோ அச்சை, அதாவது துணியில் அச்சிட்ட இலை, பட்டை வடிவங்களைப் பார்த்து மறைப்பு வாங்குகிறவர்கள்தான் அதிகம். உயரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். தட்டியின் உயரமும் உட்காரும் இருக்கையின் உயரமும் பொருந்தாவிட்டால் நூறு டாலர் தட்டியும் காட்டில் தொல்லைதான். பொருந்திவிட்டால் கடைச் சரக்கே வேண்டாம், சாக்குத் துணியில் தைத்ததே போதும்.

இங்கே பேசப்போவது அமெரிக்காவில் மார்ச் முதல் மே வரை நடக்கும் வசந்தகால வேட்டையைப் பற்றி. அதிலும் ஒரு வயல் ஓரத்தில் கூடாரம் போட்டு நாள் முழுக்கக் காத்திருப்பவர்களைப் பற்றி அல்ல. மேட்டிலிருந்து மேட்டுக்கு நடந்து, அழைப்பானில் பெட்டைக் குரல் எழுப்பி, எங்காவது ஒரு சேவல் (ஆண் வான்கோழி) பதில் சொன்னால் நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள் நெருங்கிச் சட்டென்று உட்காருகிறவர்களுக்கான மறைப்பு இது. அந்த ‘சட்டென்று’ பல நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நான்கு சுவர், கூரை, ஜிப், ஜன்னல் எல்லாம் உள்ள ஹப் கூடாரம் (சுவர் நடுவிலுள்ள குமிழை இழுத்து விறைக்கும் வகை) 15 முதல் 25 பவுண்டு வரை இருக்கும். சுருட்டினால் நான்கடிக்கு மேல் நீளும். பிரித்து, முளை அடித்து, நாற்காலி போட்டு உட்கார நிதானமாக ஐந்து நிமிடம் ஆகும். சேவல் அதற்குள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும்.

மானுக்குக் கூடாரம் பழக வேண்டும், அதனால் பல நாள் முன்பே போட்டு வைப்பார்கள். வான்கோழி அப்படியில்லை. நேற்று இல்லாத ஒரு பெட்டி இன்று வயலில் முளைத்திருந்தாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் மேயும். அது பயப்படுவது அசைவுக்கு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் பின்பக்கத்தில் ஒரு சிறு பகுதி தவிர எல்லாம் அதற்குத் தெரியும். நிறம் நம்மைவிட நன்றாகத் தெரியும், புற ஊதாவின் ஒரு பகுதியும் தெரியும். மோப்பம் பொருட்டே இல்லை. ஆகவே மறைப்பின் வேலை ஆளை மறைப்பதல்ல. சிலேட்டு அழைப்பானை உரசும் கை, துப்பாக்கியை முழங்கால் மீது ஏற்றும் அசைவு, மரத்துப்போன காலை நீட்டுவது ஆகியவற்றை மறைத்தால் போதும். முகத்துக்கு வலை முகமூடி இருக்கிறது, முதுகுக்கு மரம் இருக்கிறது. எடை குறைந்த தட்டிகள் இந்தக் கணக்கை ஒப்புக்கொண்டுதான் எடையைக் குறைக்கின்றன. அதை ஒப்புக்கொள்ளாமல், கூடாரம் தரும் மறைவை ஒற்றைத் தட்டியிடம் எதிர்பார்க்கிறவருக்கு எந்தத் தட்டியும் பிடிக்காது.

உயரக் கணக்கு

ஐந்தடி எட்டு, ஒன்பது அங்குலம் உள்ள ஒருவர் 3 அங்குலத் தடிமனுள்ள மெத்தையில் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 31 அங்குலத்தில் இருக்கும். துப்பாக்கிக் கட்டையில் கன்னம் பதித்துக் குறி பார்க்கும்போது தலை இன்னும் இறங்கும். குழல் 27, 28 அங்குலத்தில் வந்து நிற்கும். கால் உள்ள தாழ்வான வேட்டை நாற்காலியில், அதாவது இருக்கை 13 அங்குலம் உயரத்தில் இருந்தால், எல்லாவற்றோடும் ஏறத்தாழ 10 அங்குலம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைகளில் கிடைக்கும் தட்டிகள் இரண்டு உயரத்தில் குவிகின்றன: 27 அங்குலத்தையொட்டியவை, 36 முதல் 38 வரை உள்ளவை. முதல் வகை தரை மெத்தைக்கு. இரண்டாவது நாற்காலிக்கு. இதை எந்த உறையிலும் எழுதியிருக்க மாட்டார்கள். 37 அங்குலத் தட்டியை வாங்கி வந்து தரையில் உட்காருகிறவர், சேவல் 30 கஜத்தில் நிற்கும்போது எழுந்தால்தான் குழலை வெளியே நீட்ட முடியும் என்பதை அப்போதுதான் கண்டுபிடிப்பார். 27 அங்குலத் துணிக்குப் பின்னால் நாற்காலி போட்டவருக்கு மார்புக்கு மேல் எல்லாம் வெட்டவெளி.

நிலச் சரிவும் இதில் சேரும். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில், மூன்றடி முன்னால் நட்ட தட்டி உட்கார்ந்த இடத்தைவிட ஏறத்தாழ 4 அங்குலம் தாழ்ந்துவிடும். மேட்டை நோக்கி உட்கார்ந்தால் அதே 4 அங்குலம் உயரும். மலைக்காட்டில் வேட்டையாடுகிறவர்கள் உயரத்தை மாற்ற முடிகிற தட்டியாகப் பார்ப்பது நல்லது. முளைக்குச்சியில் துணி மேலும் கீழும் நகர்ந்தால் அதுவே போதும்.

சுருள் துணித் தட்டி

பழைய வகை. எட்டு முதல் பன்னிரண்டு அடி நீளத் துணி, நான்கு முதல் ஆறு குச்சிகள், ஒன்றரை முதல் நான்கு பவுண்டு எடை. விலை பெரும்பாலும் 50 டாலருக்குள். சுருட்டினால் கைத்தடி அளவுக்கு ஒடுங்கும், வெஸ்ட்டின் (பைகளும் மெத்தை இருக்கையும் உள்ள கையில்லா வேட்டைச் சட்டை) பின்பையில் செருகலாம். அரைவட்டமாக வளைக்கலாம், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டலாம், அவசரத்தில் குச்சி நடாமல் மடியில் போர்த்திக்கொள்ளலாம். இந்தக் கடைசி வசதி வேறெந்த வகைக்கும் கிடையாது. சேவல் எதிர்பாராமல் 60 கஜத்தில் குரல் கொடுத்தால் குச்சியைத் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. துணியை முழங்கால் மேல் இழுத்துவிட்டால் கை அசைவு மறைந்துவிடும்.

குறைகளும் பழையவைதான். ஓசார்க் மலைப் பகுதியின் சரளைக் கல் நிலத்தில் மெல்லிய குச்சி இறங்காது. இறங்கிய இரண்டு அங்குலத்தை நம்பித் துணியை இழுத்துக் கட்டினால் சாயும். ஃபுளோரிடா மணலில் இறங்கும், ஆனால் நிற்காது. இரண்டுக்கும் ஒரே மருந்து: இரு ஓரக் குச்சிகளை வெளிப்பக்கமாகச் சாய்த்து நட வேண்டும், இடைக் குச்சிகள் செங்குத்தாக இருக்கலாம். துணியின் இழுவிசையே ஓரக் குச்சிகளை மண்ணில் பிடித்து வைக்கும். அதற்கும் நிற்கவில்லையென்றால் ஓரத்தை ஒரு செடியின் அடித்தண்டில் கயிறால் கட்டிவிடலாம்.

இலை வடிவில் வெட்டித் தொங்கவிட்ட துணி காற்றில் அழகாக ஆடும் என்று விற்பார்கள். மெல்லிய காற்றில் உண்மைதான். முள் புதரில் ஒரு முறை மாட்டினால் அந்த இலைகளைப் பிரித்தெடுப்பதற்குள் சேவல் அடுத்த மேட்டுக்குப் போய்விடும். நடந்து திரிகிறவருக்குத் தட்டையான துணியே மேல். பாலியெஸ்டர் துணியை வாங்குமுன் விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். சரசரவென்று சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். காட்டின் விடியற்காலை அமைதியில் அது பலமடங்காகக் கேட்கும்.

ஒற்றை ஹப் தட்டி

ஹப் கூடாரத்தின் ஒரு சுவரை மட்டும் கழற்றி வைத்ததுபோல இருக்கும். நடுவில் குமிழ், அதிலிருந்து நான்கு மூலைக்கும் ஃபைபர் குச்சிகள். குமிழை இழுத்தால் ‘டப்’ என்று விறைத்து நிற்கும். பிரைமோஸ் நிறுவனத்தின் டபுள் புல் சரவுண்ட்வியூ ஸ்டேக்அவுட் இந்த வகையில் பலரும் அறிந்தது: சுமார் 37 அங்குல உயரம், 59 அங்குல அகலம், நான்கு பவுண்டையொட்டிய எடை. உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது என்ற ஒருவழித் துணி அதன் சிறப்பு. இரண்டு, மூன்று சுவர் கோத்த தட்டிகளும் மற்ற நிறுவனங்களிடம் உண்டு. அவை ஆறு, ஏழு பவுண்டைத் தொடும்.

விறைப்பாக நிற்பது பெரிய லாபம். துணி தொய்வதில்லை, இரண்டு முளை போதும், பழகினால் இருபது வினாடி. சத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும். குமிழை இழுத்துவிட்டுக் கையை எடுத்தால் குச்சிகள் துள்ளி ஓசை எழுப்பும். ஒரு கையால் குமிழின் பின்புறத்தைத் தாங்கி, மறுகையால் மெல்ல இழுத்து, அது மறுபக்கம் விழும் தருணத்தில் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டால் சத்தம் அடங்கிவிடும். மடக்கும்போது முதலில் குமிழைத் தள்ள வேண்டும், அப்புறம்தான் மூலைகளைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் குச்சி, குமிழுக்குள் செருகும் இடத்தில் முறியும். உறைபனி விடியலில் ஃபைபர் இன்னும் விறைப்பாக இருக்கும், அந்த முறிவுகளில் பல அப்போதுதான் நடக்கின்றன.

ஒருவழித் துணியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றத்தில் பாதி இங்கேதான். அந்தத் துணி மந்திரம் எதுவும் செய்யவில்லை. துளைகளுள்ள வலை, வெளிப்பக்கம் அச்சு, உட்பக்கம் கறுப்பு. உள்ளே இருட்டாகவும் வெளியே வெளிச்சமாகவும் இருக்கும்வரை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அச்சு மட்டும் தெரியும். நான்கு சுவரும் கூரையும் உள்ள கூடாரத்தில் உள்ளே எப்போதும் இருட்டு. ஒற்றைத் தட்டிக்குக் கூரை இல்லை, பின்சுவர் இல்லை. முதுகுக்குப் பின்னால் வெயில் படும் வயலோ வெளுத்த வானமோ இருந்தால், பின்னாலிருந்து வரும் ஒளி வலை வழியே ஊடுருவி உங்கள் உருவத்தைத் திரையில் விழும் நிழல் மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். தோள் அகலத்தைவிட அகலமான மரம், அதன் நிழல், பின்னால் அடர்ந்த புதர் ஆகிய மூன்றும் இருந்தால்தான் ஒருவழித் துணி ஒருவழியாக இருக்கும். கடையில் பார்த்து இதை உணர முடியாது. வீட்டுத் தோட்டத்தில் இன்னொருவரை 30 கஜத்தில் நிறுத்தி, காலை ஏழு மணிக்கு ஒரு முறை, பத்து மணிக்கு ஒரு முறை பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

கண்ணாடித் தட்டி

கோஸ்ட்பிளைண்ட் போன்றவை துணிக்குப் பதில் உடையாத கண்ணாடிப் பலகைகளை வைத்துச் செய்தவை. சுற்றியுள்ள தரையையே பிரதிபலிப்பதால் எந்தக் காட்டுக்கும் எந்தப் பருவத்துக்கும் அச்சைப் பற்றிக் கவலையில்லை. பலகையின் மேல்விளிம்பு முன்னோக்கிச் சாய்ந்திருப்பதுதான் இதன் உயிர். கண்ணாடி ஒரு டிகிரி சாய்ந்தால் பிரதிபலிப்பு இரண்டு டிகிரி இறங்கும். பத்து டிகிரி சாய்த்து நட்டால், சமநிலத்தில் நிற்கும் சேவலுக்குத் தரைப் புல் மட்டும் தெரியும், வானமும் தெரியாது, தன்னுருவமும் தெரியாது.

இதே கணக்கு மேட்டின் உச்சியில் எதிராகத் திரும்பும். சேவல் கீழேயிருந்து ஏறி வருகிறது என்றால் அதன் பார்வை மேல்நோக்கி வந்து கண்ணாடியில் படும். பார்வைக் கோணம் சாய்வைப்போல் இரு மடங்கைத் தாண்டினால் அதற்குத் தெரிவது வானம்தான், காட்டுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சதுரம். மேட்டு விளிம்பில் கண்ணாடியைத் தவிர்ப்பது நல்லது, அல்லது விளிம்பிலிருந்து பத்து கஜமாவது உள்ளே தள்ளி நட வேண்டும். காலையில் கிழக்கைப் பார்த்து நட்டால் தாழ்ந்த சூரியன் நேரே பட்டு, முன்னால் தரையில் ஒளித்திட்டு விழும். பலகை கீறினால் பளபளப்பு மங்கும், மரத்தில் இடித்தால் தகரம்போல ஓசை வரும், மடித்தாலும் அகலம் குறையாததால் புதருக்குள் நடக்க இடைஞ்சல். கான்சாஸ், நெப்ராஸ்கா போன்ற புல்வெளி மாநிலங்களில், மரமே இல்லாத ஓடையோரத்தில் இதற்கு இணை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடர்ந்த காட்டுக்காரருக்கு இது வீண் செலவு.

துப்பாக்கியில் மாட்டும் விசிறி

குடையைப் பாதியாக வெட்டியது போன்ற சிறு மறைப்புகளும், துப்பாக்கியிலோ வில்லிலோ செருகும் விசிறிகளும் ஒரு பவுண்டுகூட இருக்காது. சேவலின் வால் விசிறியைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து நெருங்கும் முறையோடு இவை சேர்ந்தே விற்கப்படுகின்றன. அந்த முறையைப் பரிந்துரைக்க மாட்டோம். சேவலை ஏமாற்றும் விசிறி இன்னொரு வேட்டைக்காரரையும் ஏமாற்றும், அவர் கையில் ஷாட்கன் இருக்கும். சில மாநிலங்கள் பொதுநிலத்தில் இதைத் தடை செய்திருக்கின்றன. பென்சில்வேனியாவில் வசந்தகாலத்தில் அழைத்துத்தான் வேட்டையாடலாம், பறவையைத் தொடர்ந்து ஊர்ந்து போவதே விதிமீறல்.

நடும் முறை

முதலில் மரம், பிறகுதான் தட்டி. நேர் எதிராகச் செய்கிறவர்கள் தட்டி நிற்கும் இடத்தில் முதுகுக்கு எதுவும் இல்லாமல் உட்காருகிறார்கள். மரம் கிடைத்ததும் உட்காரும் இடத்தின் சருகைக் காலால் மண் தெரியுமளவு ஒதுக்க வேண்டும், அதன்பின் நீங்கள் அசைந்தாலும் சரசரக்காது. மெத்தையைப் போட்டு, ஒரு முறை உட்கார்ந்து, காலை நீட்டிப் பாதம் எட்டும் இடத்துக்குச் சற்று உள்ளே தட்டியை நட வேண்டும். வான்கோழித் துப்பாக்கியின் குழல் பெரும்பாலும் 24 முதல் 26 அங்குலம். தோளில் வைத்தால் குழல்முனை தட்டியின் மேல்விளிம்பைத் தாண்டி நாலைந்து அங்குலமாவது வெளியே நிற்க வேண்டும்.

வலதுகைக்காரர் சேவல் வரப்போகும் திசையை நேரே பார்த்து உட்காரக் கூடாது. இடது தோள் அந்தத் திசையைக் காட்டுமாறு உடலை வலப்பக்கம் பாதி திருப்பி உட்கார்ந்தால் இடப்பக்கம் நிறையச் சுழலலாம். வலப்பக்கம் எப்படியும் சுழற்சி குறைவு. தட்டியின் நீளப் பகுதியும் அந்த இடப்பக்கத்துக்கே போக வேண்டும். சேவலை இழுக்க டிகாய் எனும் வான்கோழிப் பொம்மை வைப்பதானால் ஷாட்கனுக்கு 20 கஜம், வில்லுக்கு ஐந்து முதல் பத்து கஜம். வில்காரர் ஆண் பொம்மையின் முகத்தைத் தன்னை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். சேவல் போட்டிக்காரனின் முகத்தைப் பார்க்கச் சுற்றி வரும், அப்போது அதன் முதுகு உங்கள் பக்கம் திரும்பும், வில்லை இழுக்க அதுவே நேரம்.

பொதுநிலத்தில் கிளை வெட்டித் தட்டியில் செருகுவது பல இடங்களில் கூடாது. விழுந்து கிடக்கும் காய்ந்த கிளை இரண்டை எடுத்து மேல்விளிம்பு நேர்கோட்டை உடைத்தால் போதும். காட்டில் நேர்கோடு இல்லை, தட்டியை வெளிக்காட்டுவது அதன் மேல்விளிம்புதான்.

இந்த வேட்டைக்கு இப்போது துப்பாக்கியில் ரெட் டாட் (ஒளிப்புள்ளியைக் காட்டும் குறிபார்ப்பான்) பொருத்துகிறவர்கள் நிறைய. அதன் புள்ளி குழலுக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் உயரத்தில் இருக்கும். கண்ணுக்குச் சேவல் தெளிவாகத் தெரியும், புள்ளியும் அதன் கழுத்தில் நிற்கும், ஆனால் குழல்முனை தட்டியின் விளிம்புக்குக் கீழே இருக்கும். சுட்டால் தட்டியில் ஓட்டை, சேவலுக்கு ஒன்றுமில்லை. குழல் நுனியில் சிறு மணியைக் குறியாக வைத்த பழைய துப்பாக்கியில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு, கண்கோடு குழலை ஒட்டியே போகும். ரெட் டாட் வைத்திருப்பவர்கள் உட்கார்ந்த உடனே துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, இடமிருந்து வலம் ஒரு முறை சுழற்றிப் பார்த்து, இடிக்கும் இடத்தில் தட்டியை இரண்டு அங்குலம் இறக்கிவிட வேண்டும். ஒருவழித் துணியை ஊடுருவிச் சுடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அம்பு ஊடுருவ அனுமதிக்கும் தனி வலை சில கூடாரங்களில் உண்டு, அதிலும் விரியும் முனை கொண்ட அம்பு வலையிலேயே விரிந்துவிடும், நிலையான முனைதான் சரி.

தூக்கிச் செல்வது

மடித்த ஹப் தட்டி மூன்றடிக்கு மேல் நீளும். முதுகில் செங்குத்தாகக் கட்டினால் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு ஒவ்வொரு கிளையிலும் மாட்டும். வெஸ்ட்டின் இருக்கைக்கு அடியில் படுக்கவைத்தும் கட்டலாம், ஆனால் இரு மரத்துக்கு இடையே புகும்போது திரும்பிப் புக வேண்டும். தோள்வாரில் குறுக்காக, துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கம் தொங்கவிடுவது எங்கள் கணிப்பில் மேல். குச்சிகள் ஒன்றோடொன்று உரசும் உலோக ஓசையை வான்கோழி வெகுதூரம் கேட்கும். பழைய சைக்கிள் டியூபை மோதிரம்போல வெட்டிக் குச்சிகளில் ஏற்றினால் சத்தம் போய்விடும். ஒட்டுப்பட்டி வைத்த உறையைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு ரப்பர் வளையத்தில் கட்டுங்கள். ஒட்டுப்பட்டியைப் பிரிக்கும் ‘பர்ர்’ ஓசைக்கு எந்தச் சேவலும் நிற்காது.

புதுத் துணியையும், வீட்டில் துவைத்த துணியையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெண்மை கூட்டும் ரசாயனம் கலந்த சோப்பில் துவைத்தால் புற ஊதாவில் பளிச்சிடும். அது கலக்காத சோப்பே வேண்டும். மழையில் நனைந்த தட்டியின் எடை கூடும், அப்படியே உறையில் அடைத்தால் பூஞ்சை பிடித்து வாடையடிக்கும். வான்கோழிக்கு மோப்பம் இல்லாவிட்டாலும் உங்களுக்கு இருக்கிறதே.

பாதுகாப்பில் ஒன்றை விட முடியாது. தட்டிக்குப் பின்னால் இருக்கும் உங்களை மற்ற வேட்டைக்காரர்களுக்கும் தெரியாது. முதுகு மரத்தில் ஆரஞ்சுத் துணி ஒன்றை எல்லாப் பக்கமும் தெரியும்படி, தலைக்கு மேல் கட்டுங்கள். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் கலந்தது, ஆகவே அந்த நிறங்களில் கைக்குட்டைகூட வெளியே தெரியக் கூடாது. பொம்மையைக் கையில் தொங்கவிட்டு நடக்காமல் பைக்குள் போட வேண்டும். யாராவது வருவது தெரிந்தால் கையசைக்காமல் உரக்கக் குரல் கொடுக்க வேண்டும்.

எதை வாங்கலாம்

மரங்கள் இலைவிடாத மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில்தான் தட்டி தன் விலையைத் திருப்பித் தரும். காடு மொட்டையாக இருக்கும், கையை அசைத்தால் எழுபது கஜத்துக்குத் தெரியும். மே மாதம் இலை அடர்ந்தபின் தட்டியை வண்டியிலேயே விட்டுவிட்டு, வெஸ்ட்டும் முகவலையுமாகப் போவது வேகம்.

காட்டுக்குள் தரையில் உட்கார்ந்து சுடுகிறவருக்கு 27 அங்குலச் சுருள் துணி. நாற்காலி தூக்கத் தயாராக இருப்பவருக்கு 37 அங்குல ஹப் தட்டி. சிறுவர்களை அழைத்துப் போகிறவர்கள் மூன்று சுவர் தட்டிக்குக் கூடுதல் எடையைப் பொறுத்துக்கொள்ளலாம், பத்து வயதுக் குழந்தையின் கால் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காது. வில்காரர்களுக்கு நேர்மையான பதில், ஒற்றைத் தட்டி போதாது என்பதே. வில்லை இழுக்கும் அசைவு தோளுக்கு மேலே நடக்கிறது. பத்து, பன்னிரண்டு பவுண்டில் கிடைக்கும் ஒருவர் கூடாரமே அவர்களுக்குச் சரி, நடையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேட்டை பொதுவாகவே தடைசெய்யப்பட்ட இந்தியாவில் இந்தத் தட்டிகளுக்கு ஒரு வேலை உண்டென்றால் அது பறவைப் படமெடுப்பது. உயரக் கணக்கு அதேதான், குழலின் இடத்தில் லென்ஸ். கண்ணாடித் தட்டி மட்டும் வேண்டாம், தன்னுருவத்தைப் பார்த்துக் கொத்த வரும் பறவைகள் நம் ஊரில் நிறைய.

கையால் செய்வதானால் கேமோ அச்சிட்ட சாக்குத் துணி 10 அடி, 30 அங்குல உயரத்துக்கு வெட்டியது. வாகனப்பாதை ஓரத்தில் பனிக்காலத்தில் நடும் 4 அடி ஃபைபர் குச்சி ஐந்து, 5/16 அங்குலத் தடிமன். குச்சியின் உச்சியிலுள்ள ஒளிப்பட்டையை உரித்துவிட்டு, மங்கிய பழுப்புப் பெயிண்ட் அடித்து, 40 அங்குலமாக அறுக்க வேண்டும். அறுக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம், ஃபைபர் தூள் தோலில் ஏறினால் நாள்கணக்கில் அரிக்கும். துணியை இரண்டரை அடிக்கு ஒரு குச்சி வீதம், பிளாஸ்டிக் கட்டுகளால் மேல், நடு, கீழ் மூன்று இடத்தில் பிணைத்தால், குச்சியில் 8 அங்குலம் மண்ணுக்குள் போனாலும் துணி முழுதாக நிற்கும், தரை மெத்தைக்காரர் அதைக் கீழே நகர்த்திக்கொள்ளலாம். கட்டுகளின் வெட்டிய முனையைத் தீக்குச்சியால் மழுக்கிவிடுங்கள், இல்லையென்றால் சுருட்டும்போது துணியைக் கிழிக்கும்.